மறுமலர்ச்சிக் கால விவிலியச் செதுக்கோவியங்களில் பாலினமும் அதிகாரமும்

மறுமலர்ச்சிக் கால விவிலியச் செதுக்கோவியங்கள் என்பவை, 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் செருமனி, நெதர்லாந்து, இத்தாலி ஆகிய பகுதிகளில் செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிடப்பட்ட விவிலியக் காட்சிகள் ஆகும். ஏவாள், தெலீலா, யூதித்து, யாவேல், சூசன்னா, போத்திபாரின் மனைவி, தாமார் போன்ற பெண்கள் இவற்றில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றனர். ஒரே பெண் ஓர் அச்சில் வீராங்கனையாகவும், மற்றோர் அச்சில் ஆணை வீழ்த்தும் ஆபத்தாகவும், வேறொன்றில் ஆண் பார்வைக்கான காட்சிப் பொருளாகவும் வருவதைக் காணலாம். விவிலிய வரிகள் மாறவில்லை. படத்தைச் செதுக்கியவர் எடுத்த முடிவுகளே மாறின. கதையின் எந்தக் கணத்தைக் காட்டுவது, கருவியை யார் கையில் கொடுப்பது, பார்வையாளரை எங்கே நிறுத்துவது என்பன போன்ற முடிவுகள் அக்காலத்தின் பாலின எண்ணங்களை வெளிப்படுத்துகின்றன.

செதுக்கோவியமும் அதன் சந்தையும்

செப்புத்தகட்டுச் செதுக்கலில், மெருகேற்றிய தகட்டின் மீது கூரிய எஃகு உளியால் கோடுகள் உழப்படுகின்றன. தகடு முழுவதும் மை பூசித் துடைத்தால், மை பள்ளமான கோடுகளில் மட்டும் தங்கும். ஈரமாக்கிய தாளைத் தகட்டின் மேல் வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால், கோடுகளில் உள்ள மை தாளில் ஏறும். தகட்டில் இருப்பது தாளில் இடவலம் மாறிப் பதியும். மரச்செதுக்கு அச்சு இதற்கு நேர்மாறானது; அங்கே மேடாக விடப்பட்ட கோடுகளே மையை ஏற்கின்றன.

தேவாலயச் சுவரோவியத்தைக் காண அந்த ஊருக்குச் செல்ல வேண்டும். அச்சுப்படியோ நூற்றுக்கணக்கில் எடுக்கப்பட்டு ஊர் ஊராகப் பயணம் செய்தது. சந்தைகளிலும் புத்தகக் கடைகளிலும் விற்கப்பட்டது. வாங்கியவர் அதை வீட்டுச் சுவரில் ஒட்டலாம், தொகுப்பேட்டில் சேர்க்கலாம், தனிமையில் கையில் வைத்துப் பார்க்கலாம். பிற ஓவியர்களும் பொற்கொல்லர்களும் அதை மாதிரியாகக் கொண்டனர். ஆகவே விவிலியப் பெண்களைப் பற்றிய ஒரு கருத்தை அச்சோவியம் தொலைதூரம் கொண்டு சென்றது.

இத்தொழிலில் பெண்களுக்கும் பங்கு இருந்தது. நியூரம்பர்க் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் மனைவி ஆக்னஸ், கணவரின் அச்சுகளை பிராங்பர்ட் சந்தையில் விற்றார். ஆண்ட்வெர்ப் நகரின் புகழ்பெற்ற அச்சு வெளியீட்டாளர் ஹியரோனிமஸ் காக் 1570-இல் இறந்தபின், அவருடைய மனைவி ஃபோல்க்ஸ்கென் டீரிக்ஸ் அந்த நிறுவனத்தை நடத்தினார். எனினும் படத்தை வடிவமைத்தவர்களும் தகட்டைச் செதுக்கியவர்களும் பெரும்பாலும் ஆண்களே.

"பெண்களின் வல்லமை" என்னும் கருப்பொருள்

வலிமையோ அறிவோ மிக்க ஆண் ஒரு பெண்ணிடம் தோற்றுப்போகும் கதைகளின் தொகுப்பைக் கலை வரலாற்றாசிரியர்கள் "பெண்களின் வல்லமை" என்று அழைக்கின்றனர். இடைக்காலத்திலேயே தோன்றிய இக்கருப்பொருள் அச்சின் வழியாகப் பெரிதும் பரவியது. நெதர்லாந்தின் லூகாஸ் வான் லைடன் 1510களில் இதே பொருளில் இரண்டு மரச்செதுக்குத் தொடர்களை வெளியிட்டார். ஆதாமும் ஏவாளும், சிம்சோனும் தெலீலாவும், மனைவியரின் சொல்கேட்டுச் சிலையை வணங்கும் சாலமோன் ஆகியோர் அவற்றில் உள்ளனர். சாலமோனின் காட்சியை அவர் 1514-இல் செப்புத் தகட்டிலும் செதுக்கினார்.

இத்தலைப்பு ஒரு முரண்பாட்டைக் கொண்டது. சட்டம், சொத்து, பதவி ஆகியவற்றில் பெண்களுக்கு மிகக் குறைந்த இடமே இருந்த ஒரு சமூகத்தில், பெண்களுக்கு அளவுகடந்த வல்லமை உண்டு என்று இப்படங்கள் கூறின. அந்த வல்லமையும் ஒரே வகையானது: அழகாலும் பேச்சாலும் ஆணை மயக்கி வீழ்த்துவது. நீதித்தலைவர்கள் நூலில் வரும் தெபோரா இஸ்ரயேல் மக்களுக்குத் தீர்ப்பு வழங்கிய பெண். போர்த்தலைவன் பாராக்கு அவர் உடன்வந்தால் மட்டுமே போருக்குச் செல்வேன் என்றான். பொது அதிகாரத்தை முறைப்படி வகித்த அவருக்கு லூகாஸின் தொடர்களில் இடமில்லை.

ஆதாமும் ஏவாளும்: டியூரர், 1504

டியூரரின் "ஆதாமும் ஏவாளும்" இக்காலச் செதுக்கோவியங்களுள் மிகவும் அறியப்பட்டது. சுமார் 25 செ.மீ. உயரமும் 19 செ.மீ. அகலமும் கொண்ட இத்தகட்டில், இருண்ட காட்டின் முன்னே இரு உடல்கள் ஒளியுடன் நிற்கின்றன. ஆதாம் பிடித்திருக்கும் கிளையில் தொங்கும் பலகையில் ஓவியரின் பெயரும் ஊரும் ஆண்டும் இலத்தீனில் பொறிக்கப்பட்டுள்ளன.

இருவரின் உடல்களும் கிரேக்க, உரோமைச் சிலை மரபைப் பின்பற்றி அளவு விகிதங்களின்படி வரையப்பட்டவை. அந்த வகையில் இருவரும் சமமான பெருமையுடன் நிற்கின்றனர். ஆனால் செயல் ஏவாளிடம் உள்ளது. ஒரு கையால் பாம்பிடமிருந்து கனியைப் பெறும் அவள், மற்றக் கையில் இன்னொரு கனியைப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறாள். ஆதாமின் கையோ ஒன்றுமறியாதவன் போல் அவளை நோக்கி நீள்கிறது. காலடியில் பூனையும் எலியும் உள்ளன. அடுத்த நொடியில் நடக்கப்போகும் பாய்ச்சலின் குறியாகப் பலர் இதை விளக்குகின்றனர்.

மறைத்து வைத்த கனி விவிலியத்தில் இல்லை. தொடக்கநூலின் 3-ஆம் அதிகாரத்தில் ஏவாள் தான் உண்டு, தன்னுடன் இருந்த கணவனுக்கும் கொடுக்கிறாள்; அவனும் உண்கிறான். ஏமாற்றுபவள் என்ற பண்பைப் படம் தானாகச் சேர்க்கிறது. இதனுடன் ஹான்ஸ் பால்டுங் 1511-இல் உருவாக்கிய மரச்செதுக்கை ஒப்பிடலாம். அங்கே ஆதாம் ஏவாளின் பின்னே நின்று அவள் மார்பைப் பற்றுகிறான். "மனிதகுலத்தின் வீழ்ச்சி" என்ற பொருள்தரும் இலத்தீன் வாசகம் மேலே தொங்குகிறது. அப்படத்தில் ஆண் அப்பாவியல்லன். ஏழே ஆண்டு இடைவெளியில், அதே கதை குற்றத்தை வேறு விதமாகப் பங்கிடுகிறது.

தெலீலாவின் கையில் கத்தரி

நீதித்தலைவர்கள் நூலின்படி, தெலீலா தன் மடியில் சிம்சோனைத் தூங்க வைத்து, ஓர் ஆளை அழைத்து அவன் தலையின் ஏழு சடைகளை மழிக்கச் செய்கிறாள். பெலிஸ்தியத் தலைவர்கள் ஒவ்வொருவரும் ஆயிரத்து நூறு வெள்ளிக்காசு தருவதாகக் கூறியே அவளை இதில் ஈடுபடுத்தினர். அதாவது மூலக்கதை ஓர் அரசியல் சதி. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் ஆட்சியாளர்கள்.

லூகாஸ் வான் லைடன் 1507-ஐ ஒட்டிச் செதுக்கிய படத்தில், முடி வெட்டும் ஆள் இல்லை. கத்தரியைத் தெலீலாவே பிடித்திருக்கிறாள். பெலிஸ்திய வீரர்கள் பின்னணியில் உள்ளனர். வெள்ளிக்காசு, தலைவர்கள், பேரம் ஆகிய எல்லாம் பின்னே சென்றுவிட, எஞ்சுவது ஓர் ஆணும் அவனை அழிக்கும் ஒரு பெண்ணும். இவ்வாறு அரசியல் கதை பாலினக் கதையாகச் சுருங்குகிறது. இம்மாற்றத்தை லூகாஸ் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே வழக்கத்தில் இருந்தது. கையடக்கமான அச்சுகள் அதைப் பரவலாக்கின.

யாவேலும் யூதித்தும்: வீராங்கனையா, ஆபத்தா?

யாவேல் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் யாகேல்) கூடாரத்திற்குத் தஞ்சம் தேடி வந்த எதிரித் தளபதி சீசராவுக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்து, முளையை அவன் நெற்றிப்பொட்டில் அறைந்து கொல்கிறாள். விவிலியம் அவளைப் பாராட்டுகிறது. ஹான்ஸ் பர்க்மயர் 1510களின் பிற்பகுதியில் உருவாக்கிய "மாண்புமிக்க பெண்கள்" வரிசையில் எஸ்தர், யூதித்து ஆகியோருடன் யாவேலும் யூத வீராங்கனையாக நிற்கிறாள். ஆனால் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வந்த லூகாஸின் "பெண்களின் வல்லமை" சிறிய தொடரிலும் அதே யாவேல் இருக்கிறாள்.

அரை நூற்றாண்டுக்குப் பின்னும் இந்த ஊசலாட்டம் தொடர்ந்தது. மார்ட்டென் வான் ஹீம்ஸ்கெர்க்கின் வரைபடங்களை வைத்து ஃபிலிப்ஸ் கல்லே 1560-ஐ ஒட்டி விவிலியத்தின் நற்பண்புப் பெண்களைத் தொடராகச் செதுக்கினார். யாவேல், யூதித்து, எஸ்தர், சூசன்னா ஆகியோர் அதில் உள்ளனர். அதே இருவரின் கூட்டில் அப்பத்தாண்டிலேயே வந்த "பெண்களின் வல்லமை" தொடரிலும் யாவேலும் யூதித்தும் ஏவாள், தெலீலா ஆகியோரின் பக்கத்தில் வைக்கப்பட்டனர். முளையும் சுத்தியலும் மாறவில்லை. எந்தத் தொடரில் வருகிறாள் என்பதே அவளை நல்லவளாகவோ கெட்டவளாகவோ ஆக்கியது.

யூதித்து நூலில், பெத்தூலியா நகரின் கைம்பெண்ணான யூதித்து, முற்றுகையிட்ட ஒலோபெரினின் பாசறைக்குச் சென்று அவன் வாளாலேயே அவன் தலையை வெட்டுகிறாள். கத்தோலிக்கரின் தமிழ்த் திருவிவிலியத்தில் இந்நூல் உண்டு. சீர்திருத்தத் திருச்சபையினர் பயன்படுத்தும் தமிழ் வேதாகமத்தில் இல்லை. அரசியலிலும் யூதித்து சிக்கலான உருவம். மெடிசி குடும்பம் விரட்டப்பட்டபின், 1495-இல் புளோரன்சு நகரக் குடியரசு தொனத்தெல்லோவின் யூதித்து சிலையை அரசு மாளிகையின் முன் விடுதலைச் சின்னமாக நிறுவியது. 1504-இல் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையை எங்கே வைப்பது என்ற விவாதத்தில், ஆணைப் பெண் கொல்வது அங்கே காட்டத் தக்கதல்ல என்று அரசின் கட்டியக்காரர் வாதிட்டார். யூதித்து அகற்றப்பட்டு, தாவீது அந்த இடத்துக்கு வந்தது.

செதுக்கோவியத்தில் யூதித்துக்கு வேறொன்று நிகழ்ந்தது. நியூரம்பர்க் நகரின் பார்த்தெல் பேகாம் 1525-இல் செதுக்கிய மிகச் சிறிய தகட்டில், யூதித்து ஆடையின்றி ஒலோபெரினின் உடல்மீது அமர்ந்திருக்கிறாள். விவிலியத்தில் அவள் சிறந்த ஆடை அணிகலன்களுடன் சென்றாள். மாசுபடாமல் திரும்பினேன் என்று தானே அறிவித்தாள். நகரைக் காத்த பெண்ணின் வெற்றி, படத்தில் அவளுடைய உடலைப் பார்ப்பதற்கான வாய்ப்பாகவும் மாறுகிறது. பார்த்தெல், அவருடைய அண்ணன் செபால்ட், கியோர்க் பென்ட்ஸ் ஆகிய மூவரும் மதக் கருத்துகளுக்காக அதே 1525-இல் நகரிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். அரசுக்கும் திருச்சபைக்கும் அடங்காதவர்கள் என்று பெயரெடுத்தவர்களும் பெண்ணுடல் பற்றிய வழக்கமான பார்வையிலிருந்து விலகவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

யோசேப்பும் போத்திபாரின் மனைவியும்

இக்கதையில் அதிகாரம் தலைகீழாக உள்ளது. யோசேப்பு விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. அவனை இச்சிக்கும் பெண் வீட்டுத் தலைவி. அவன் மறுத்து ஓடும்போது மேலாடை அவள் கையில் சிக்குகிறது. அதையே சான்றாகக் காட்டி அவள் பொய்க் குற்றம் சாட்ட, அவன் சிறை செல்கிறான். பாலினத்தைவிட எசமான்–அடிமை உறவே இங்கு முடிவைத் தீர்மானிக்கிறது.

லூகாஸ் 1512-இல் செதுக்கிய ஐந்து தகடுகள் கொண்ட யோசேப்புத் தொடர் இதைக் கவனமாகக் கையாள்கிறது. யோசேப்பு தப்பியோடும் காட்சி ஒரு தகடு. மனைவி கணவனிடம் ஆடையைக் காட்டி முறையிடும் காட்சி தனியாக மற்றொரு தகடு. இரண்டாவது தகட்டால், வீட்டுத் தலைவியின் சொல்லுக்கு இருக்கும் எடை அடிமையின் சொல்லுக்கு இல்லை என்பது புலப்படுகிறது.

செபால்ட் பேகாம் 1544-இல் செதுக்கிய சிறு அச்சில் படுக்கையறைக் காட்சி மட்டுமே உண்டு. பெண் ஆடையின்றி அவன் மேலாடையை இழுக்கிறாள். காமத்தை அடக்கிய நம்பிக்கைக்குரிய ஊழியன் என்று யோசேப்பைப் புகழும் இலத்தீன் வாசகம் சேர்க்கப்பட்டுள்ளது. வாசகம் அடக்கத்தைப் போதிக்கிறது. படம் ஆசையைத் தூண்டுகிறது. விவிலியத் தலைப்பும் அறவுரையும் இருந்ததால், இத்தகைய படத்தை வாங்கி வைப்பதற்கு ஒரு நியாயம் கிடைத்தது.

சூசன்னா: யார் பார்க்கிறார்கள்?

தானியேல் நூலின் இணைப்பாக வரும் சூசன்னா கதையில், குளிக்கச் சென்ற பெண்ணை மறைந்திருந்து பார்த்த இரு முதியோர், தங்கள் ஆசைக்கு இணங்காவிட்டால் விபசாரக் குற்றம் சாட்டுவதாக மிரட்டுகின்றனர். அவர்கள் இருவரும் நடுவர்கள். மரண தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தும் சூசன்னா மறுக்கிறாள். இளைஞரான தானியேல், எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று இருவரையும் தனித்தனியே வினவி, முரண்பட்ட விடைகளால் பொய்யை அம்பலப்படுத்துகிறார்.

லூகாஸ் 1508-ஐ ஒட்டிச் செதுக்கிய படத்தில் முன்னால் பெரிதாக இருப்பவர்கள் முதியோர். சூசன்னா தொலைவில், நீரில் கால் வைத்திருக்கும் சிறிய உருவம். பார்வையாளர் முதியோரின் பக்கத்தில் நிறுத்தப்படுகிறார். ஆனால் அவருக்குத் தெளிவாகத் தெரிவது பெண்ணின் உடல் அன்று, ஒளிந்து பார்க்கும் ஆண்களின் நடத்தை. இது அரிய அணுகுமுறை. நூற்றாண்டின் இறுதியில் பொலோனாவின் அகொஸ்தினோ கராச்சி, சிற்றின்பப் படங்களாக அறியப்பட்ட ஒரு தொடரில், தொன்மக் கதை நிர்வாணங்களோடு சூசன்னாவையும் சேர்த்தார். பார்க்கப்படுவதை எதிர்த்த பெண்ணின் கதை, பார்த்து மகிழ்வதற்கான சரக்காக விற்கப்பட்டது.

தாமார்: ஏழு தகடுகள்

செருமனியின் சோஸ்ட் நகரில் பணியாற்றிய ஹைன்ரிக் ஆல்டெக்ரெவர், 1540-இல் அம்னோன்–தாமார் கதையை ஏழு தகடுகளாகச் செதுக்கினார். தாவீது அரசரின் மூத்த மகன் அம்னோன், நோயுற்றவன்போல் நடித்து, மாற்றாந்தாயின் மகளான தன் தங்கை தாமாரை வரவழைத்துப் பாலியல் வன்முறை செய்து, பின் வெளியே தள்ளிக் கதவடைக்கிறான். சாமுவேல் இரண்டாம் நூலில் தாமார் வாதாடுகிறாள், தடுக்கிறாள், அதன்பின் ஆடையைக் கிழித்துக்கொண்டு அழுகிறாள். தாவீது சினம் கொள்கிறார். ஆனால் மகனைத் தண்டிக்கவில்லை. அண்ணன் அப்சலோம் அவளை அமைதியாக இருக்கச் சொல்கிறான். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அம்னோனைக் கொல்கிறான்.

தனித் தகட்டில் இயலாத ஒன்றைத் தொடர் சாதிக்கிறது. குற்றத்திற்கு முன் சதியையும் குற்றத்திற்குப் பின் அதன் விளைவையும் காட்டுவதால், இது ஒருவனின் ஆசைக் கதையாக நிற்காமல் அரச குடும்பத்தின் அதிகாரக் கதையாகிறது. அதே வேளையில், மூலத்தைப் போலவே தொடரும் இறுதியில் ஆண்களுக்கிடையேயான பழிவாங்கலாக முடிகிறது. தாமார் கதையிலிருந்து மறைந்துவிடுகிறாள்.

உளி பிடித்த பெண்: தியானா ஸ்கல்தோரி

மாந்துவா நகரில் பிறந்த தியானா ஸ்கல்தோரி (சுமார் 1547–1612), தன் தந்தையிடம் செதுக்கற்கலையைக் கற்றார். தம் அச்சுகளில் தன் பெயரைப் பொறித்த முதல் பெண் செதுக்குநர்களுள் ஒருவர். வசாரி தம் கலைஞர் வரலாற்று நூலின் 1568 பதிப்பில் அவரைப் பாராட்டியுள்ளார். உரோமுக்குக் குடிபெயர்ந்தபின், 1575-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியிடமிருந்து தன் அச்சுகளைப் பிறர் படியெடுத்து விற்காமல் தடுக்கும் உரிமைப்பட்டயத்தைப் பெற்றார்.

அதே ஆண்டு அவர் வெளியிட்ட பெரிய செதுக்கோவியங்களுள் ஒன்று, ஜூலியோ ரோமானோவின் வரைபடத்தைப் பின்பற்றிய "கிறித்துவும் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணும்". முறுக்குத் தூண்கள் நிறைந்த கோவில் மண்டபத்தில், பெருங்கூட்டத்தின் நடுவே குற்றம்சாட்டப்பட்ட பெண் நிற்கிறாள். மோசேயின் சட்டப்படி ஆண், பெண் இருவரும் தண்டனைக்குரியவர்கள். ஆனால் யோவான் நற்செய்தியில் பெண் மட்டுமே இழுத்து வரப்படுகிறாள். பாவம் இல்லாதவர் முதல் கல்லை எறியட்டும் என்ற பொருளில் இயேசு கூறியதும் ஒவ்வொருவராக விலகிச் செல்கின்றனர்.

இந்த அச்சை மாந்துவாவின் கோமகள் ஆஸ்திரியாவின் எலியனோராவுக்குத் தியானா உரித்தாக்கினார். ஆண்களின் கூட்டத்தால் குற்றம்சாட்டப்பட்ட ஒரு பெண்ணின் கதையை ஒரு பெண் செதுக்கி, மற்றொரு பெண்ணின் பெயரில் வெளியிட்டிருக்கிறார். இதை இன்றைய பெண்ணியத்தின் முன்னோடி என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. வரைபடம் ஓர் ஆணுடையது, உரித்தாக்கம் புரவலரை நாடும் தொழில் வழக்கம். ஆயினும் பெயர், உரிமை, புரவலர் ஆகிய மூன்றையும் அவர் தன் கையில் வைத்திருந்தார். படத்துக்குள் இருக்கும் அதிகாரத்தோடு, படத்தை உருவாக்கி விற்கும் அதிகாரமும் பாலினத்தோடு தொடர்புடையது என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

இப்படங்களை ஆராயும் முறை

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து மாணவர்கள் எந்த விவிலியச் செதுக்கோவியத்துக்கும் பொருத்திப் பார்க்கக்கூடிய சில கேள்விகள் கிடைக்கின்றன:

1. விவிலியப் பகுதியில் இல்லாத எது படத்தில் சேர்க்கப்பட்டுள்ளது? (ஏவாள் மறைத்த கனி, தெலீலாவின் கத்தரி)
2. விவிலியத்தில் இருந்து எது விடப்பட்டுள்ளது? (பெலிஸ்தியரின் வெள்ளிக்காசு, யூதித்தின் ஆடை)
3. கதையின் எந்தக் கணம் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது? சூசன்னாவின் குளியலா, அவளை விடுவித்த விசாரணையா?
4. பார்வையாளர் யாருடைய பக்கத்தில் நிறுத்தப்படுகிறார்?
5. படம் தனியாக வந்ததா, தொடரிலா? தொடரின் தலைப்பு என்ன?
6. வரைந்தவர், செதுக்கியவர், வெளியிட்டவர், வாங்கியவர் யார் யார்?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகம், ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் ஆகியவை தங்கள் அச்சோவியத் தொகுப்புகளின் படங்களை இணையத்தில் பார்வைக்கு வைத்துள்ளன. ஒரு படத்தைப் பெரிதாக்கி, அதற்குரிய விவிலியப் பகுதியை அருகில் வைத்து வரி வரியாக ஒப்பிடுவதே தொடங்குவதற்கு ஏற்ற வழி. நன்கு அறிந்த ஒரு கதை எந்த இடத்தில் திருப்பப்பட்டது, அந்தத் திருப்பத்தால் யாருக்குப் பழி சேர்ந்தது என்பது அப்போது தெளிவாகும்.